கேசட்டோடு மதுரைப் பக்கம் நான்கு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

கரூரிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினோம். பின்னால் வண்டி மாட்டியிருப்பதால் வேகம் 60-ஐத் தாண்டக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வாடிப்பட்டியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். நாகமலை புதுக்கோட்டையில் திரும்பி, கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத்தையின் தென்னந்தோப்புக்குள் நுழைந்தபோது மணி 11. அத்தை பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான். தங்கையைப் பார்த்ததும் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த கேரவன், 14 அடி நீளம். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவது. வழியில் நின்ற இடத்திலெல்லாம் "எந்தப் படத்துக்கு ஷூட்டிங்?" என்று கேட்டார்கள். உள்ளே நான்கு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை. படம் வரைந்தபோது முதலில் வரைந்தது அந்தக் கழிப்பறையைத்தான். கட்டிலும் அடுப்பும் மிச்ச இடத்தில் வந்து உட்கார்ந்தவை.

காரணம் அத்தை. வயது 64, சர்க்கரை உண்டு. வெளியூர் போவதென்றால் முந்தின நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து, நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலுமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வழியில தண்ணி குடிச்சீங்களா?" அத்தை தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் முகம் சுருங்கிவிட்டது. நானும் அப்படியே வளர்ந்தவள். பள்ளிக்கூட நாளிலிருந்து, எந்த இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் வாயைக் கட்டிப் பழகியவள். வண்டி கட்டுவது என்று அன்றைக்கு அந்த வார்டிலேயே முடிவு செய்தோம்.

அடுத்த கேள்வி, உள்ளே போவதை எங்கே சேர்த்து வைப்பது. அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிகளுக்கு அடியில் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கிற தொட்டியை நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். அங்கே முகாம் போடும் இடங்களில் அதை இறக்குவதற்கென்றே குழி உண்டு. 3 அங்குலக் குழாயை மாட்டி வால்வைத் திறந்தால் தொட்டி காலியாகிவிடும். நம் ரோட்டில் அப்படி ஒரு இடத்தை எங்கே தேடுவது? 100 லிட்டரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நிற்க முடியாது. அதனால் ஐரோப்பியக் கேரவன்களில் வைக்கிற, கேசட் என்று சொல்லும் கழற்றி எடுக்கிற கழிவுத் தொட்டியை வரவழைத்தோம். பார்க்கச் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும், 18 லிட்டர் பிடிக்கும். வண்டியின் வெளிப்பக்கம் உள்ள சின்னக் கதவைத் திறந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். சக்கரமும் கைப்பிடியும் இருப்பதால் உருட்டிக்கொண்டு போய் எந்தக் கழிப்பறையிலும் ஊற்றலாம்.

வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றே இவரும் நானும் பேசி வைத்துக்கொண்டது ஒன்று. கேசட்டை நாங்கள் இருவர்தான் காலி செய்வோம், அடுத்தவர் கையில் கொடுக்கவே மாட்டோம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் சமணர் மலை. அய்யனார் கோயிலுக்கு முன்னால் உள்ள தாமரைக் குளத்தில் பூ நிறைய இருந்தது. பெரிய ஆலமரத்தடியில் அத்தையையும் சின்னத்தையையும் பேசவிட்டு, நாங்கள் மூவரும் பாறையில் வெட்டிய படி வழியாகப் பேச்சிப்பள்ளம் வரை ஏறி, வரிசையாகச் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்கினோம். மலையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று எழுத வேண்டியது மதியம் 3 மணிக்கு நடந்தது.

கழிப்பறைச் சுவரில் இருக்கும் சின்ன விளக்கு சிவப்பாகிவிட்டது. உள்ளே ஒரு மிதவை உண்டு, கேசட் நிரம்பப் போகிறது என்றால் விளக்கைப் போடும். வந்து 28 மணி நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்ததை நம்பி, நான்கு பேருக்கு ஒன்றரை நாளாவது வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

காரணத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சிறுநீர் மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர். மலம் அந்த அளவெல்லாம் கிடையாது, சில நூறு கிராமுக்குள் முடிந்துவிடும். ஆக, கேசட்டை நிரப்புவது சிறுநீரும் தண்ணீரும்தான். அந்தப் புத்தகம் காகிதத்தால் துடைத்துக்கொள்கிறவர்களுக்காக எழுதியது. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அத்தை பித்தளைச் சொம்பு வைத்திருக்கிறார், விளிம்பு வரை ஒரு லிட்டர் பிடிக்கும். ரெண்டுக்குப் போனால் இரண்டு சொம்பு, ஒண்ணுக்குப் போனால் அரைச் சொம்பு. அதற்கு மேல் ஃப்ளஷ் தண்ணீர். 18 லிட்டர் எத்தனை நேரம் தாங்கும்?

"நான் தண்ணிய கொறச்சுக்கிறேன் கண்ணு" என்றார் அத்தை. எனக்குச் சுருக்கென்றது. எதற்காக வண்டி கட்டினோமோ அதே இடத்துக்குத் திரும்பிப் போகவா? வேண்டவே வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் காலி செய்கிற வேலை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் சின்ன மாமா கட்டியிருக்கும் கழிப்பறைக்கு செப்டிக் டேங்க் இருக்கிறது. அவரிடம் முறையாகக் கேட்டோம். "நம்ம வீடுதானம்மா, இதென்ன கேள்வி" என்றார். கேட்காமல் ஊற்றுவதில்லை என்பதில் நான் கண்டிப்பு. செப்டிக் டேங்க் வேலை செய்வது உள்ளே இருக்கும் பாக்டீரியாவால். கேசட்டில் ஊற்றுகிற நீல மருந்துகளில் பல ஃபார்மால்டிஹைடு கலந்தவை. நாற்றம் வராது, ஆனால் நிறையப் போனால் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அதனால் நாங்கள் பயன்படுத்துவது விவசாயிகள் வைத்திருக்கும் இ.எம். கரைசல், அதாவது நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உள்ள கரைசல். ஒரு லிட்டர் கரைசலுக்கு ஒரு கிலோ வெல்லமும் 20 லிட்டர் தண்ணீரும் கலந்து ஏழு நாள் மூடி வைத்தால், புளித்த கள் மாதிரி வாசனையோடு தயாராகிவிடும். காலிக் கேசட்டில் இதில் ஒரு டம்ளரும் இரண்டு லிட்டர் தண்ணீரும் முதலில் ஊற்றிவிட வேண்டும். அடியில் தண்ணீர் இல்லாவிட்டால் திடமானது ஒட்டிக் காய்ந்து போகும், பிறகு லேசில் வராது.

இவர் கேசட்டை இழுத்தார். நிரம்பிய கேசட் 20 கிலோவுக்குப் பக்கம். தோப்பு மண்ணில் சக்கரம் புதைந்ததால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். முழங்கை வரை கையுறை. ஊற்றுகிற மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, குனிந்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். மேலே ஒரு பொத்தான் இருக்கிறது, காற்று போவதற்கு. சாய்த்த பிறகுதான் அதை அமுக்க வேண்டும். அமுக்காமல் ஊற்றினால் குடுக் குடுக்கென்று திக்கித் திக்கி வந்து காலெல்லாம் தெறிக்கும். அமுக்கினால் ஒரே சீராக, பழுப்பு நிறத்தில், கூழ் மாதிரி இறங்கும். நாற்றம் உண்டு, ஆனால் குடலைப் புரட்டுகிற மாதிரி இல்லை. அந்தக் கரைசல் தன் வேலையைச் செய்திருந்தது. பாப்பா ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து லிட்டர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அதே கழிப்பறையில் ஊற்றினோம். இன்னொரு தடவையும் அப்படியே. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

அப்போது பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் வந்து நின்றார். "நீங்க ஏம்மா இதத் தொடுறீங்க? ஊருக்குள்ள ஆளு இருக்கு. ஐநூறு குடுத்தா வந்து எடுத்துட்டுப் போயிருவாப்ல."

"எங்களோடதுண்ணே, நாங்களே பாத்துக்கிறோம்" என்றேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'ஆள்' யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதைத் தடுக்க 2013-ல் சட்டமே வந்துவிட்டது. நாலு நாள் ஊர் சுற்ற வந்த என் குடும்பத்தின் கழிவுக்கு இன்னொருவரைக் கூப்பிட எனக்கு வாய் வராது. இவர் அவரிடம் கேசட்டைக் காட்டி, பொத்தான் எதற்கு, மூக்கு எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கடையில் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு புதிதாக ஒன்று வாங்கினோம், இரண்டு லிட்டர் பிடிப்பது. பம்பு அடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் வேகமாக வரும். கால் லிட்டரில் சுத்தமாகக் கழுவிவிடலாம். அத்தை முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் "சொம்ப விட இது நல்லா இருக்கு" என்றார். இரண்டு, இவரும் நானும் ஒண்ணுக்குப் போவது மட்டும் தனி கேனில். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தென்னைக்கு ஊற்றச் சொன்னார் சின்ன மாமா. எங்கள் கரூருக்குப் பக்கத்து முசிறியில் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டி, இரண்டையும் உரமாக்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் சின்ன மாமா அது எப்படி, தொட்டி எங்கே வரும் என்று நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாளியில் வடிகட்டி வாழைக்குப் போகிறது. அதில் பிரச்சினை எதுவும் இல்லை.

மூன்றாம் நாள், சனி

காலையில் கழிப்பறைக்குள் லேசாக நாற்றம். நேற்று கழுவிய கேசட், கால் பங்குகூட நிரம்பவில்லை. பிறகு ஏன்? கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தோம். மேல் வாயை ஒரு தகடு திறந்து மூடும், அதைச் சுற்றி ரப்பர் வளையம். அந்த ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தென்னை நார். நேற்று தோப்பில் கழுவி வைத்தபோது ஒட்டியிருக்கிறது. தலைமுடி கனம்கூட இல்லை, அந்த இடுக்கு போதுமாக இருந்தது. எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சின்னத்தை தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தார். எண்ணெயும் வாசலினும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும், பாத்ரூம் ஆசிட்டும் ஆகவே ஆகாது. கூரை வரை போகும் பிவிசி குழாயில் பட்டறைக்காரர் வைத்துக்கொடுத்த 12 வோல்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓடவிட்டதும் வாடை போய்விட்டது.

10 மணிக்குச் சின்னத்தையிடம் சொல்லிக்கொண்டு கீழடிக்குக் கிளம்பினோம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் முற்றமுமாக இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது உறைகிணறுகளுக்கும் சுடுமண் குழாய்களுக்கும் முன்னால்தான். மண்ணைக் குழாயாக வனைந்து, சுட்டு, ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி, தண்ணீர் போகும் வழியைத் தீர்மானித்திருக்கிறார்கள். காலையில் ஒரு நாருக்காக ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தப் பொருத்துவாய்களைப் பார்த்ததும் கையால் தொட வேண்டும் போல இருந்தது. தண்ணீர் எங்கே கசியும் என்று அந்தக் கைக்கும் கவலை இருந்திருக்கும்.

திரும்பும்போது சிலைமான் பக்கம் ஒரு ரயில் போனது. "ரயில்ல கேசட்ட யாரு ஊத்துவா?" என்று பாப்பா கேட்டாள். நான் சின்ன வயதில் போன ரயிலில் ஓட்டை நேராகத் தண்டவாளத்துக்குத் திறந்திருக்கும். ஸ்டேஷனில் நிற்கும்போது போகக் கூடாது என்று எழுதியிருக்கும். கீழே விழுந்ததைச் சுத்தம் செய்ய ஒரு மனிதர் வருவார். இப்போது பெட்டிக்கு அடியில் தொட்டி வைத்து, காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியாவை விட்டிருக்கிறார்கள். அவை மலத்தைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் ஆக்கிவிடுகின்றன. இந்த ரயில் பாதையிலேயே மானாமதுரைக்கு அந்தப் பக்கம், ராமேஸ்வரம் வரையுள்ள 114 கிலோமீட்டரைத்தான் கழிவு விழாத முதல் பாதையாக 2016 ஜூலையில் அறிவித்தார்கள். நாட்டிலேயே முதலாவது. பாப்பாவுக்குப் பாக்டீரியா தின்கிற கதை பிடித்துப்போய், நம் கேசட்டிலும் அவைதானே இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ராத்திரி தங்கியது அழகர்கோயில் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் மைதானத்தில். பெயர் வேண்டாம். இடம் அழகு, எதிரே மலை, வேப்ப மரம், மின்சார இணைப்பு. கேசட்டை எங்கே ஊற்றலாம் என்று கேட்டதற்குக் காவலாளி சுவரோரம் ஒரு சிமெண்டுத் தொட்டியைக் காட்டி, "எல்லாரும் இதுலதான் ஊத்துவாங்க" என்றார். தொட்டிக்கு அடியில் குழாய் ஒன்று போனது. இவர் டார்ச் அடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். நூறு அடி தள்ளி, கருவேல மரங்களுக்கு நடுவில், கண்மாய்க் கரையில் வாயைத் திறந்துகொண்டு முடிந்தது அந்தக் குழாய். அடுத்த கரையில் இரண்டு எருமைகள் கட்டிக் கிடந்தன.

ஊற்றவில்லை. காவலாளியைத் திட்டவும் இல்லை, அவர் என்ன செய்வார். இவர் படம் எடுத்துக்கொண்டார்.

கேசட் இப்போது பாதி. கைப்பம்பு வேலை செய்கிறது.

நான்காம் நாள், ஞாயிறு

காலை 7 மணிக்கு அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் இந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேர். மலை மேல் விழும் மழை சுனைகளில் தங்கி, வழிந்து, கண்மாய் கண்மாயாக இறங்குகிறது. டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்று வட்டார ஊர்களெல்லாம் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அந்த ஏலத்தையே ரத்து செய்யவைத்தார்கள். ஆனைகொண்டான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது, நேற்று ராத்திரி பார்த்த குழாய் நினைவை விட்டுப் போகவில்லை. ஒரே தாலுகாவோ பக்கத்துத் தாலுகாவோ, கண்மாய் கண்மாய்தானே.

அங்கே நாங்கள் எங்கள் வண்டியின் கழிப்பறையைத் தவிர வேறெங்கும் ஒதுங்கவில்லை. 10 மணிக்குள் கேசட் முக்கால் ஆகிவிட்டது. முக்காலுக்கு மேல் நிரப்பி வண்டி ஓட்டக் கூடாது, குலுங்கலில் மேல் வாய் வரை அலை அடிக்கும். கரூர் வரை தாங்காது. மேலூரில் இரண்டு லாட்ஜில் கேட்டோம். முதல் இடத்தில் விஷயத்தைச் சொன்னதுமே கையை ஆட்டிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் மேனேஜர் எழுந்து வந்து கேசட்டைப் பார்த்தார்.

"மருந்து என்ன போட்டிருக்கீங்க? ஆசிட், பினாயில்னா வேணாம்மா. என் செப்டிக் டேங்க் செத்துப்போயிரும்."

இந்தக் கேள்வியை ஒருவர் தானாகக் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இ.எம். கரைசல் பாட்டிலையே எடுத்துவந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, கீழ்த்தளத்தில் ஒரு அறையை மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்குக் கொடுத்தார். நான்கு பேரும் குளித்தோம், கேசட்டை ஊற்றினோம், நான் அறையின் கழிப்பறையை நாங்கள் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு வந்தேன். இந்த மாதிரி வண்டியோடு வருகிறவர்களுக்கு இதுதான் வழி என்று தோன்றுகிறது: ஒளிக்காமல் சொல்வது, வாடகை கொடுப்பது, நாமே ஊற்றுவது, நாமே கழுவுவது. அவருடைய செப்டிக் டேங்க் நிறைந்தால் உரிமம் உள்ள கழிவுநீர் லாரியைத்தான் கூப்பிடுவாராம், 14420 என்ற எண்ணில் கூப்பிட்டால் வருவார்கள் என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்.

துவரங்குறிச்சி, மணப்பாறை வழியாக வீடு. மணப்பாறையில் முறுக்கு வாங்க நிறுத்தியபோது அத்தை பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இறங்கினார்.

கேசட்டை இப்போது சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன், சிறுநீர் உப்பு பாறை மாதிரி பிடித்துக்கொள்ளாமல் இருக்க. நாளை காலையில் அலசி, மாடியில் மூடியும் தகடும் திறந்தபடி காயவைக்க வேண்டும். மாற்றிப் போட இரண்டாவது கேசட் ஒன்று சொல்லியாயிற்று.

விடுதிக்காரரிடம் சாயங்காலம் போனில் பேசினேன். பார்க்கிறேன் என்றார், எப்போது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதனால் குழாயின் படத்தை வைத்து அந்த ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதியிருக்கிறோம். எந்த இடத்தில் தொட்டி, எந்த மரத்தடியில் குழாய் முடிகிறது, கரை எந்தப் பக்கம் என்று இவர் கையால் படம் வரைந்து சேர்த்திருக்கிறார். இவர் கையெழுத்து, என் கையெழுத்து, அதற்குக் கீழே அத்தையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதியிருக்கிறார். நாளை பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது தபாலில் சேர்க்க வேண்டும்.